தாளுக்கே முதல் மரியாதை

கோட்டோவியத்துக்குச் சட்டம் போடக் கடைக்கு வருகிறவர்களின் கண் முதலில் போவது, சுவரில் வரிசையாகத் தொங்கும் பீடிங் மாதிரிகளின் மேல். தங்க நிறம் எடுப்பாக இருக்குமா, கறுப்பு போதுமா, தேக்கே போட்டுவிடலாமா என்று பேச்சு அங்கிருந்து தொடங்கும். அதற்குள் நான் ஓவியத்தை மெல்லத் தூக்கி, பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன தாள், எங்கே பசை, எங்கே டேப், எங்கே பழுப்பு என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

சென்னையில் ஓவியங்களுக்குச் சட்டம் போடுவது என் தொழில். அதிலும் தாளில் வரைந்தவற்றின் மேல் எனக்குத் தனிப் பிரியம். எண்ணெய் வண்ண ஓவியத்துக்கு வார்னிஷ் பூச்சு ஒரு காவல். பென்சிலாலோ மசியாலோ கரியாலோ தாளில் இழுத்த கோட்டுக்கு அப்படி எந்தக் காவலும் கிடையாது. காற்றின் ஈரமும் வெளிச்சமும் கை வியர்வையும் நேராகத் தாளிலேயே படும்.

இந்தத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்ததைச் சுருக்கினால் இரண்டு விதிகள். கண்ணாடி உட்பட எதுவும் ஓவியத்தின் முகத்தில் ஒட்டி நிற்கக்கூடாது. நாம் செய்கிற எதையும், நமக்குப் பின்னால் வருகிறவர் தாளுக்குச் சேதமில்லாமல் பிரித்தெடுக்க முடியவேண்டும். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவைதான்.

முதலில் தாளைப் படியுங்கள்

பருத்தி இழையில் செய்த நல்ல ஓவியத்தாள் பல தலைமுறை தாங்கும். மரக்கூழில் செய்த மலிவான தாளில் லிக்னின் என்ற பொருள் இருக்கிறது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அது தாளைப் பழுப்பாக்கி, மடித்தால் ஒடியும் நிலைக்குக் கொண்டுவந்துவிடும். செய்தித்தாள் வெயிலில் சில நாளிலேயே மஞ்சளாவது இதனால்தான்.

நம் ஊரில் இது ஒரு முக்கியமான விஷயம். ஆனந்த விகடனில் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களையும், கல்கியில் மணியம் வரைந்த 'பொன்னியின் செல்வன்' படங்களையும் கத்தரித்து வைத்திருக்கும் குடும்பங்கள் இங்கே ஏராளம். அவை அச்சுப் பக்கங்கள். தாளும் பத்திரிகைத் தாள். அப்படி ஒரு பக்கத்தைக் கொண்டுவந்தால், அதை நல்ல தரத்தில் ஸ்கேன் செய்து, பருத்தித் தாளில் அச்சிட்ட பிரதிக்குச் சட்டம் போடச் சொல்வேன். மூலப் பக்கம் வெளிச்சம் படாத பெட்டியில் இருக்கட்டும்.

அடுத்து, எதனால் வரைந்தது என்று பாருங்கள். இந்தியன் இங்க் என்று நாம் சொல்லும் மசி கரித்தூளால் ஆனது; வெளிச்சத்தில் வெளிறாது. பென்சிலின் கிராபைட்டும் வெளிறாது, ஆனால் விரல் பட்டால் கலையும். கரிக்கோலும் பாஸ்டலும் தாளின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் தூள். ஒரு தட்டு தட்டினாலே உதிரும். ஸ்கெட்ச் பேனா, மார்க்கர், பால்பாயின்ட் ஆகியவற்றின் மசி பெரும்பாலும் சாயம். வெளிச்சத்தில் வேகமாக மங்கும். பழைய கடிதங்களிலும் ஐரோப்பியக் கோட்டோவியங்களிலும் காணும் இரும்பு மசி, காலப்போக்கில் பழுப்பாகித் தாளையே அரித்துவிடக்கூடியது. எந்தச் சுவர், எந்தக் கண்ணாடி, எவ்வளவு நாள் மாட்டலாம் என்ற மூன்று கேள்விக்கும் விடை இங்கேதான் தொடங்குகிறது.

ஓவியத்தைத் தொடுமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையை மட்டும் பிடித்துத் தூக்காமல், அடியில் கெட்டியான அட்டை கொடுத்துத் தூக்குங்கள். பின்னால் பழைய செல்லோ டேப் இருந்தால் பிய்க்கவேண்டாம். தாளின் மேல்தோலும் சேர்ந்து வரும். அதை எடுப்பது தாள் பராமரிப்பு தெரிந்தவரின் வேலை.

பிரிக்க முடியாததைச் செய்யாதீர்கள்

வயதான அம்மா ஒருவர், கணவர் இளமையில் வரைந்த கரிக்கோல் உருவப்படம் ஒன்றைச் சுருட்டி எடுத்துவந்தார்.

"தம்பி, இதைப் பளபளன்னு லேமினேட் பண்ணிக் குடுத்துடுங்க. இனிமே தூசியே படக்கூடாது."

"பண்ணிடலாம்மா. ஆனா அதுக்கப்புறம் இது அவர் வரைஞ்ச தாளா இருக்காதும்மா. சூட்டுல பிளாஸ்டிக்கோட ஒண்ணா உருகி ஒட்டிக்கும். நாளைக்கு உங்க பேரன் பிரிக்கணும்னு நினைச்சாலும் முடியாது. தூசி படாம வைக்க வேற வழி இருக்கு, நான் செஞ்சு தரேன்."

அவர் சம்மதித்தார். லேமினேஷன் கேட்டு வருகிறவர்கள் எல்லோருமே அன்பினால்தான் கேட்கிறார்கள். பொருளைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பு அது. ஆனால் கரிக்கோட்டின் மென்மையான சாம்பல் நிறமும் தாளின் சொரசொரப்பும் பிளாஸ்டிக்குக்கு அடியில் போனால் திரும்பி வருவதில்லை. அட்டையில் முழுவதுமாக ஒட்டிவிடுவதும், ஃபெவிகால் தடவுவதும், வெப்பத்தில் ஒட்டும் ஷீட்டில் அழுத்துவதும் இதே வகைதான்.

சுருளாக வந்த தாளை உடனே நிமிர்த்தவும் கூடாது. காய்ந்து விறைத்த தாள் விரிசல் விடும். பென்சில், மசிக் கோடுகள் என்றால், சுத்தமான உறிஞ்சுதாள்களுக்கு நடுவே மெல்லிய பாரம் வைத்து, நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டையாக்கலாம். கரிக்கோல் ஓவியத்தை அப்படி அழுத்த முடியாது. அதற்குப் பொறுமையும் தேர்ந்த கையும் வேண்டும்.

மவுண்ட் எதற்கு?

ஓவியத்தைச் சுற்றி ஜன்னல் போல வெட்டி வைக்கும் அட்டையைத்தான் மவுண்ட் என்கிறோம். அழகு அதன் இரண்டாவது வேலை. முதல் வேலை, கண்ணாடியைத் தாளிலிருந்து தள்ளி நிறுத்துவது.

சாதாரண மவுண்ட் போர்டின் மேல்பரப்பு வெள்ளையாக இருந்தாலும் உள்ளே இருப்பது மரக்கூழ். சில வருடங்களில் ஜன்னலின் வெட்டு விளிம்பு பழுப்பாகும். அதிலிருந்து கசியும் அமிலம், ஓவியத்தைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டம் போட்டுவிடும். பழைய சட்டங்களைப் பிரிக்கும்போது அந்தக் கட்டத்தை அடிக்கடி பார்க்கிறேன். அதனால் பருத்தி இழையில் செய்த, அமிலமற்ற மவுண்ட் போர்டையே கேட்டு வாங்குங்கள். ஓவியத்துக்கு முன்னால் உள்ள ஜன்னல் அட்டை மட்டுமல்ல, பின்னால் வரும் அட்டையும் அதே தரத்தில் இருக்கவேண்டும். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் பீடிங்கில் குறையுங்கள், மவுண்ட்டில் குறைக்காதீர்கள்.

நிறம் தேர்வதில் நான் கடைப்பிடிக்கும் வழி இது. ஓவியத் தாளில் எதுவும் வரையாத பகுதியின் நிறத்தைப் பாருங்கள். மவுண்ட் அதைவிட வெள்ளையாக இருக்கக்கூடாது. பளீர் வெள்ளை மவுண்ட்டுக்குள் வைத்தால், லேசாக முதிர்ந்த தாள் அழுக்காகத் தெரியும். தந்த நிறம், மோர் நிறம், வெளிர் சாம்பல் என்று இரண்டு மூன்று துண்டுகளைத் தாளின் ஓரத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள்.

அளவுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். ஏ4 அளவுள்ள கோட்டோவியம் என்றால் மேலேயும் இரு பக்கமும் 7 சென்டிமீட்டர், கீழே 8 சென்டிமீட்டர் விடலாம். நான்கு பக்கமும் ஒரே அளவு விட்டால் ஓவியம் கீழே சரிவதுபோலக் கண்ணுக்குப் படும். அதைச் சரிக்கட்டவே கீழே அதிகம் விடுவது வழக்கம். சிறிய ஓவியத்துக்கு விளிம்பு தாராளமாக இருந்தால் நல்லது. உள்ளங்கை அளவு பேனா ஓவியம்கூட அகலமான மவுண்ட்டுக்குள் கம்பீரமாக நிற்கும்.

ஜன்னலின் உள்விளிம்பை 45 டிகிரிச் சாய்வில் வெட்டுவது மரபு. நேராக வெட்டினால் அட்டையின் நிழல் ஓவியத்தின் மேல் கோடாக விழும். சாய்வு அந்த நிழலைத் தணிக்கும். ஜன்னல் விளிம்பு ஓவியத்தின் ஓரத்தை 3 முதல் 5 மில்லிமீட்டர் மறைத்தால் போதும். கையெழுத்தோ தேதியோ ஓரத்தில் இருந்தால் மறைக்காதீர்கள். அப்போது ஜன்னலைத் தாளைவிடப் பெரிதாக வெட்டி, தாளின் நான்கு ஓரமும் தெரியும்படி வைக்கலாம். கையால் செய்த தாளின் பிசிறான ஓரம் அப்படித் தெரிவது தனி அழகு.

கோடும் நீர்வண்ணமும்

கோட்டோவியத்தைச் சேகரித்து, அதற்கென்று எல்லைக்கோடு வரைந்து மரியாதை செய்யும் வழக்கம் இத்தாலியில் 16ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது. ஓவியர்களின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய ஜார்ஜோ வசாரி, தான் சேகரித்த கோட்டோவியங்களைப் பெரிய ஏடுகளில் ஒட்டி, சுற்றிலும் தூண்களும் வளைவுகளுமாகப் பேனாவால் சட்டம் வரைந்து வைத்தார். அந்த ஏட்டின் பக்கம் ஒன்று இன்றும் வாஷிங்டன் நேஷனல் கேலரியில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டுப் பாரிஸில் பியர்-ழான் மாரியெட் என்ற சேகரிப்பாளர், நீலத் தாள் மவுண்ட்டில் மசிக் கோடுகளும் தங்கப் பட்டையும் இட்டு வைத்தார். அந்த நீலத்தைக் கண்டதுமே இது மாரியெட்டின் கையிலிருந்து வந்த ஓவியம் என்று வல்லுநர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

அந்த வழியில் வந்ததுதான், ஜன்னலைச் சுற்றி மெல்லிய கோடுகளும் வெளிர் நீர்வண்ணப் பட்டையும் இடும் பிரெஞ்சு மவுண்ட். கையால் செய்கிற இந்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. செய்முறை இதோ.

ஜன்னலை வெட்டிய பின், ஒவ்வொரு மூலையிலிருந்தும் வெளிநோக்கி 45 டிகிரியில் அளவுகோலை வையுங்கள். கோடுகள் சந்திக்க வேண்டிய இடங்களை ஊசிமுனையால் மிக லேசாகப் புள்ளியிடுங்கள். பென்சில் அடையாளத்தை அழிக்கப்போனால் அட்டையின் பரப்பு கெடும். ஊசிப் புள்ளி கோட்டுக்கு அடியில் மறைந்துவிடும். விளிம்பிலிருந்து 6 மில்லிமீட்டர் தள்ளி முதல் கோடு, அதிலிருந்து சற்று விட்டு வண்ணப் பட்டை, பட்டையின் இரு ஓரத்திலும் கோடு, வெளியே இன்னொரு கோடு என்பது பார்க்க நிறைவான அமைப்பு.

வண்ணப் பட்டையை முதலில் போடுங்கள். பட்டை முழுவதற்கும் போதுமான வண்ணத்தை ஒரே தடவையில் கரைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தீர்ந்தால் அதே நிறம் மறுபடி கிடைக்காது. பட்டையின் இடத்தை வெறும் நீரால் லேசாக நனைத்துவிட்டு, ஒரு மூலையில் தொடங்கி இரு பக்கமும் மாறி மாறிக் கொண்டுபோய் எதிர்மூலையில் சேருங்கள். அப்போதுதான் எங்கும் ஒரு முனை காய்ந்து திட்டு விழாது. ஓவியத்திலேயே உள்ள ஒரு நிறத்தை எடுத்து, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வருமளவுக்கு வெளிறச் செய்தால் சரியாக இருக்கும்.

நன்றாகக் காய்ந்தபின் ரூலிங் பேனாவால் கோடுகளை இழுங்கள். இரண்டு எஃகுத் தகடுகளுக்கு நடுவே மசியை நிரப்பி, திருகாணியால் கோட்டின் பருமனைக் கூட்டிக் குறைக்கும் அந்தப் பேனாவைப் பழைய வரைபடக் கலைஞர்கள் நன்றாக அறிவார்கள். மசியில் நீர் கலந்து சாம்பலாகவோ பழுப்பாகவோ பயன்படுத்துங்கள். கருங்கறுப்புக் கோடு ஓவியத்தோடு போட்டிக்கு நிற்கும்.

எல்லா ஓவியத்துக்கும் இது ஒத்துவராது. பழைய நிலக்காட்சி, கட்டட ஓவியம், உருவப்படம், நீர்வண்ணம் இவற்றுக்குப் பொருந்தும். கே.எம். ஆதிமூலத்தின் கறுப்பு வெள்ளைக் கோடுகளைப் போல, வெள்ளைப் பரப்பே பாதி வேலையைச் செய்யும் நவீன ஓவியங்களுக்கு வெறும் அகல மவுண்ட் போதும். கோட்டின் வேகத்துக்கு எதிரே இன்னொரு கோடு வேண்டியதில்லை.

கோதுமைப் பசையும் தாள் கீலும்

மவுண்ட்டுக்குள் ஓவியம் எப்படி நிற்கிறது? கடைகளில் பெரும்பாலும் நான்கு பக்கமும் டேப் ஒட்டிவிடுகிறார்கள். தாள் உயிருள்ளதுபோல அசையும் பொருள். ஐப்பசி மழையில் ஈரம் குடித்து விரியும், கத்திரி வெயிலிலும் ஏசி அறையிலும் சுருங்கும். நான்கு பக்கமும் கட்டிப்போட்டால் நடுவில் அலை அலையாக எழும்பும். மோசமானால் ஓரத்தில் கிழியும். ஆகவே மேல்விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் சிறு தாள் துண்டைக் கீலாக வைத்துத் தொங்கவிட வேண்டும்.

இதற்கு ஜப்பானியக் கோசோ தாளும் கோதுமை ஸ்டார்ச் பசையும்தான் உலகெங்கும் தாள் பராமரிப்பாளர்கள் நம்பும் வழி. கோசோ தாள் மெல்லியதானாலும் நீண்ட இழை கொண்டது. பசையோ, எத்தனை வருடம் கழித்தும் ஈரம் காட்டினால் விட்டுக்கொடுக்கும்.

கோதுமை ஸ்டார்ச் நமக்குப் புதிதில்லை. திருநெல்வேலி அல்வாவுக்குக் கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுக்கிறார்களே, அந்தப் பால் தெளிந்து அடியில் தங்குகிற வெள்ளைதான் ஸ்டார்ச். ஒட்டும் தன்மையுள்ள குளூட்டன் நீக்கப்பட்டிருப்பதால், காய்ந்தபின் மைதாப் பசையைப்போல் விறைப்பதில்லை. உலர்ந்த ஸ்டார்ச் ஒரு பங்குக்கு நான்கு பங்கு நீர் ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, மிதமான தீயில் கை ஓயாமல் கிளறுங்கள். அரை மணி நேரத்தில் வெண்மை போய்க் கண்ணாடிபோல் வரும். ஆறியதும் மெல்லிய சல்லடையில் தேய்த்து, தேவைக்கு நீர் சேர்த்துத் தளர்த்திக்கொள்ளுங்கள். நம் வெயிலில் சீக்கிரம் புளித்துவிடும் என்பதால் கொஞ்சமாகவே கிண்டுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சுவரொட்டிப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலப்பது நம் ஊர் வழக்கம். ஓவியத்துக்கு அது கூடவே கூடாது. மயில்துத்தத்தில் உள்ள செம்பு தாளின் சிதைவை விரைவுபடுத்தும்.

கீல் செய்யும்போது கோசோ தாளைக் கத்தரியால் வெட்டாதீர்கள். ஈரத் தூரிகையால் கோடு இழுத்து, அந்த ஈரத்தில் இழுத்துப் பிரித்தால் ஓரத்தில் இழைகள் பிசிறாக நிற்கும். அந்தப் பிசிறு ஓவியத் தாளில் படிந்து மறைந்துவிடும். வெட்டிய ஓரமோ முன்பக்கம் கோடாகத் தெரியும். இரண்டு சென்டிமீட்டர் அகலத் துண்டின் ஒரு முனையில் மட்டும் மெல்லப் பசை தடவி, ஓவியத்தின் பின்னால் மேல்விளிம்பை ஒட்டி வையுங்கள். உறிஞ்சுதாளும் சிறு பாரமும் வைத்துக் காயவிடுங்கள். பிறகு ஓவியத்தைப் பின் அட்டையில் அதன் இடத்தில் வைத்து, மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கீலின் குறுக்கே இன்னொரு துண்டை ஒட்டி அட்டையோடு பிணையுங்கள். கீலை ஒட்டுவது எப்போதும் பின் அட்டையில்தான். ஜன்னல் அட்டையில் ஒட்டினால், அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் ஓவியம் இழுபடும்.

கீல் ஓவியத் தாளைவிட வலுக்குறைந்ததாக இருக்கவேண்டும் என்பது இந்த வேலையின் அடிப்படை. சட்டம் கீழே விழுந்தால் கீல் கிழியட்டும், ஓவியம் கிழியக்கூடாது.

வீட்டில் நீங்களே செய்வதானால் பசையே வேண்டாத வழி ஒன்று இருக்கிறது. அமிலமற்ற தாளை மடித்து முக்கோணப் பைகள் செய்து, ஓவியத்தின் நான்கு மூலையையும் அவற்றில் செருகி, பைகளை மட்டும் பின் அட்டையில் ஒட்டுங்கள். பழைய போட்டோ ஆல்பங்களில் இருந்த அதே ஏற்பாடு. தாள் அசைய மூலைகளில் இம்மியளவு இடம் விடுங்கள்.

கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவே

இரவெல்லாம் ஏசி ஓடிய அறையைக் காலையில் திறந்தால், சென்னையின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் முத்து முத்தாகப் படியும். அந்த ஈரம் கண்ணாடியின் உட்பக்கத்திலும் வரலாம். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அங்கே பூஞ்சணம் பிடிக்கும், மசி கண்ணாடிக்குத் தாவும், சில சமயம் தாளே ஒட்டிக்கொள்ளும்.

பென்சில், மசி ஓவியங்களுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் பருமனுள்ள மவுண்ட் தரும் இடைவெளி போதும். கரிக்கோல், பாஸ்டல் என்றால் அதைப்போல் இருமடங்காவது வேண்டும். அப்போது மவுண்ட்டுக்குப் பின்னால் மெல்லிய அட்டைப் பட்டைகளை, ஜன்னல் விளிம்பிலிருந்து உள்ளே தள்ளி மறைவாக ஒட்டுங்கள். உதிரும் தூள் மவுண்ட்டின் சாய்வில் படியாமல் பின்னாலுள்ள அந்த இடைவெளியில் விழும்.

அக்ரிலிக் ஷீட் கண்ணாடியைவிட இலேசானது, உடைந்து ஓவியத்தைக் கிழிக்காது, வெளியூருக்கு அனுப்ப வசதி. ஆனால் துடைக்கும்போது அதில் நிலைமின்சாரம் ஏறும். கரித்தூளையும் பாஸ்டல் தூளையும் தாளிலிருந்து இழுத்துக்கொள்ளும். அவற்றுக்குக் கண்ணாடியே சரி. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடியும் அக்ரிலிக்கும் கிடைக்கின்றன. நீர்வண்ணத்துக்கும் சாய மசிக்கும் அந்தச் செலவு தகும். அது மங்கலைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்திவிடாது. கண் காணும் வெளிச்சமும் சாயத்தை வெளிறச் செய்யக்கூடியதுதான்.

கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தை நேராக அதன்மேல் தெளிக்காமல் துணியில் தெளித்துத் துடையுங்கள். தெளித்தால் வழிந்து சட்டத்தின் இடுக்கு வழியே மவுண்ட்டுக்குள் போகும்.

சட்டமும் முதுகும்

கோட்டோவியத்துக்கு மெல்லிய சட்டமே அழகு. சட்டத்தின் அகலமும் மவுண்ட்டின் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். மவுண்ட் அகலம், சட்டம் ஒடுக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் தெய்வப் படங்களுக்குப் போட்டிருந்த தேக்குச் சட்டங்கள் கிடைத்தால் விடாதீர்கள். இழைத்து மெருகேற்றினால் பேனா ஓவியத்துக்கு அருமையாகப் பொருந்தும்.

ஆனால் எந்த மரமானாலும் அதிலிருந்து அமில ஆவி கசியும். தேக்கில் எண்ணெய்ப் பசையும் உண்டு. அதனால் கண்ணாடியும் மவுண்ட்டும் உட்காரும் காடியின் உட்பக்கத்தில் அலுமினியத் தகட்டு டேப் ஒட்டி மறைத்துவிடுகிறேன். காடியின் ஆழம் போதுமா என்பதையும் முன்னாடியே பாருங்கள். கண்ணாடி, மவுண்ட், ஓவியம், பின் அட்டை, முதுகுப் பலகை எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். கடையில் இருக்கும் பீடிங்கில் ஆழம் குறைவாக இருப்பதுதான், மவுண்ட்டே இல்லாமல் ஓவியத்தைக் கண்ணாடியோடு அழுத்திவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம்.

ஹார்ட்போர்டையோ நெளி அட்டையையோ ஓவியத்துக்கு நேர் பின்னால் வைக்கக்கூடாது. ஹார்ட்போர்டு தாளைப் பழுப்பாக்கும். நெளி அட்டை தன் வரிகளையே பழுப்புக் கோடுகளாகப் பதித்துவிடும். உறுதிக்காக ஹார்ட்போர்டு வேண்டுமென்றால், அமிலமற்ற பின் அட்டைக்கும் அதற்கும் நடுவே ஒரு பாலியெஸ்டர் ஷீட் கொடுங்கள். கடைசியாகச் சட்டத்தின் பின்புறம் முழுவதும் தாள் ஒட்டி மூடுங்கள். இராமபாணப் பூச்சிக்குத் தாளும் பசையும் விருந்து. ஒரு மயிரிழை இடுக்கு கிடைத்தாலும் உள்ளே போய்விடும். சுவடிப் பெட்டியில் வசம்பு வைப்பதுபோல் சட்டத்துக்குள் எதையும் வைக்காதீர்கள், தாளில் கறைபடும். அலமாரியில் தள்ளி வைத்தால் போதும்.

எந்தச் சுவர்?

மழைக்காலத்தில் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சில்லென்று ஈரம் தட்டும் வெளிச்சுவர், குளியலறையை ஒட்டிய சுவர், அடுப்படி, விளக்குப் புகை படியும் பூஜையறை இவை வேண்டாம். வெள்ளையடித்த சுவர் நன்றாகக் காயட்டும். வீட்டின் நடுச்சுவர்தான் எப்போதும் பாதுகாப்பு.

சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் பின்பக்கம் கார்க் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று ஓடினால் பூஞ்சணம் பிடிக்காது. நம் பழைய வீடுகளில் படங்களை உயரத்தில், முன்பக்கம் சாய்த்து மாட்டியிருப்பார்கள். தரையில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு வசதி, கண்ணாடியில் வெளிச்சம் அடிக்காது, பின்னால் காற்றும் போகும். இன்றும் தரையில் உட்காரும் கூடத்தில் அந்த முறை பொருந்தும். நின்று பார்க்கும் இடமானால் ஓவியத்தின் மையம் தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும்.

கோட்டோவியத்தை நெருங்கி நின்று பார்க்கவேண்டும். மதுரையின் தெருக்களையும் கோபுரங்களையும் மனோகர் தேவதாஸ் வரைந்த பேனா ஓவியங்களை நினைத்துப் பாருங்கள். எட்ட நின்றால் சாம்பல் நிழலாகத் தெரிவது, கிட்டப் போனால் நுணுக்கமான கோடுகளாகப் பிரியும். அப்படிப்பட்ட ஓவியத்தைச் சோபாவுக்கு மேலே மாட்டினால் யாரும் கிட்டப் போகமுடியாது. நடைவழியிலோ படிக்கும் மேசைக்குப் பக்கத்திலோ மாட்டுங்கள். ஒரே இடத்தில் பல ஓவியங்கள் மாட்டுவதானால் மவுண்ட் நிறமும் சட்டமும் ஒன்றாகவே இருக்கட்டும். சட்ட அளவு ஒன்றானால் நடுநடுவே ஓவியங்களை மாற்றவும் எளிது.

தொங்கவிட ஒரே ஆணி போதாது. சுவரில் துளையிட்டு பிளக் செருகி, இரண்டு திருகாணியில் தொங்கவிட்டால் சட்டம் நேராக நிற்கும். ஒன்று தளர்ந்தாலும் மற்றது தாங்கும்.

ஓவியத்துக்கும் ஓய்வு வேண்டும்

வெளிச்சத்தால் நேரும் சேதம் சேர்ந்துகொண்டே போகும். இருட்டில் வைத்தால் அது நிற்குமே தவிர, போனது திரும்பாது. தாளில் வரைந்தவற்றுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் வெளிச்சத்தை அளவுகோலாக வைத்திருக்கின்றன. நல்ல வெயில் வரும் ஜன்னலோரம் அதைப்போல் பல மடங்கு. வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகம், ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் வரைந்த முயலை அபூர்வமாகத்தான் பார்வைக்கு வைக்கிறது. லியொனார்டோ டாவின்சியின் விட்ரூவிய மனிதனும் வெனிஸில் பெரும்பாலான காலம் இருட்டிலேயே இருக்கிறது. ஈரமும் காலமும் சேர்ந்தால் தாளில் செம்பழுப்புப் புள்ளிகள் எப்படிப் பரவும் என்பதற்கு, டூரின் நூலகத்தில் உள்ள, டாவின்சியின் தன்னுருவம் என்று கருதப்படும் செஞ்சுண்ண ஓவியம் சாட்சி.

வீட்டிலும் அந்த முறையைப் பின்பற்றலாம். மூன்று நான்கு மாதம் ஓர் ஓவியம் சுவரில், பிறகு பெட்டிக்குள். அடுத்தது வெளியே. மவுண்ட்டோடு அப்படியே பெட்டியில் வைக்கும்படி, ஜன்னல் அட்டையையும் பின் அட்டையையும் ஒரு பக்கம் துணி டேப்பால் புத்தகம்போல் இணைத்து வையுங்கள். இப்படி மவுண்ட் செய்த ஓவியங்களைப் படுக்கவைக்கும், ஒரு பக்கம் முழுதாய்த் திறக்கும் தட்டைப் பெட்டிக்கு சொலாண்டர் பெட்டி என்று பெயர். கேப்டன் குக்கின் முதல் கடற்பயணத்தில் சென்ற தாவரவியலாளர் டேனியல் சொலாண்டர், பிரிட்டிஷ் மியூசியத்தில் பணியாற்றியபோது உருவாக்கியதாகச் சொல்லப்படுவது. நம் ஊர்ப் பைண்டிங் கலைஞர்களிடம் அளவு கொடுத்தால் செய்து தருவார்கள். உள்பக்கத்துக்கு மட்டும் அமிலமற்ற தாளை நீங்கள் வாங்கிக் கொடுங்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, தை மாதம் மழை ஓய்ந்ததும் எல்லாச் சட்டங்களையும் இறக்கிப் பாருங்கள். புள்ளிகள், அலைகள், பூச்சித் தடம், பின்தாளில் கிழிசல் ஏதாவது தெரிந்தால் உடனே பிரித்துப் பார்க்க வேண்டும்.

கடையில் என்ன கேட்பது?

உங்கள் ஊர்ப் பிரேம் கடைக்காரரிடம் இந்தக் கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். மவுண்ட் போர்டு அமிலமற்றதா? பின் அட்டையும் அப்படித்தானா? ஓவியத்தை எதனால் ஒட்டப்போகிறீர்கள்? கண்ணாடி தாளில் படுமா? தாளின் ஓரத்தை வெட்டப்போகிறீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். சட்ட அளவுக்காக ஓவியத்தையே நறுக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அவரிடம் நல்ல அட்டை இல்லையென்றால் நீங்கள் வாங்கிக் கொடுத்துச் செய்யச் சொல்லுங்கள். கேட்கிறவர்கள் கூடினால் கடையில் சரக்கும் வந்துசேரும்.

வேலை முடிந்ததும் சட்டத்தின் பின்தாளில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வரைந்தவர் பெயர், எந்த ஆண்டு, எதனால் வரைந்தது, யாரிடமிருந்து வந்தது, சட்டம் போட்ட தேதி, என்ன அட்டை, என்ன பசை என்று தமிழில் தெளிவாக எழுதுங்கள். ஓவியத்தின் பின்னால் நேராக எழுதவேண்டாம். அடுத்த தலைமுறையில் இதைப் பிரிக்கும் கைக்கு அந்தச் சீட்டுதான் வழிகாட்டி. பிரிக்கும்போது எங்கே ஈரம் காட்டலாம், எங்கே காட்டக்கூடாது என்று அவர் ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.